பார்சிலோனா டூர் பிளானா? அபார்ட்மென்ட் புக் செய்யும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

2024 ஜூலை 6, சனிக்கிழமை. ஸ்பெயினின் பார்சிலோனா நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். வழியில் ரெஸ்டாரன்ட்டுகளின் வெளி மேஜைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் மீது சிலர் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி அடித்தார்கள். அந்த வீடியோ உலகம் முழுக்க வைரல் ஆனது. நம்ம ஊர் கமென்ட் பாக்ஸ்களிலும் ஒரே கேள்விதான்: ‘காசு செலவழிக்க வர்றவங்க மேல இவங்களுக்கு என்ன கோபம்?’

கோபத்துக்குக் காரணம் ஒரே வார்த்தையில் சொன்னால், வீடு. பார்சிலோனாவுக்குப் போகும் பயணி எங்கே தங்குகிறார் என்பது இன்று வெறும் பட்ஜெட் விஷயம் இல்லை. அது சட்ட விஷயம், அரசியல் விஷயமும்கூட. சக்ரடா ஃபமிலியா டிக்கெட், எந்த உணவகம், எந்த பீச் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது தங்குமிடத்தை. ஏன், எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டுக்கும் டூரிஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பார்சிலோனாவின் மக்கள்தொகை 16 லட்சத்துக்கும் மேல். ஆண்டுதோறும் அங்கே வந்து தங்கும் பயணிகளோ ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை, இரு பக்கமும் ஆறுகள். நகரம் விரிய இடமே இல்லை. இருக்கும் வீடுகளைத்தான் எல்லோரும் பங்கு போட்டாக வேண்டும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒரு பிளாட்டை உள்ளூர்க் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் உரிமையாளருக்குக் கூடுதல் லாபம். அதனால் நகர மையத்தில் இருந்த பல பிளாட்டுகள் வாடகைச் சந்தையிலிருந்து நழுவி, புக்கிங் ஆப்களுக்குள் போய்விட்டன. பத்து ஆண்டுகளில் நகரத்தில் வாடகை 68 சதவீதமும், வீட்டு விலை 38 சதவீதமும் உயர்ந்துவிட்டதாக மேயர் ஜாவ்மே கோல்போனி 2024-ல் சொன்னார். இன்று சராசரி மாத வாடகை 1,100 யூரோவைத் தாண்டுகிறது. 2025-ல் ஸ்பெயினின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,184 யூரோ. அதாவது, குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவர் தனியாக ஒரு பிளாட் எடுத்தால், கிட்டத்தட்ட முழுச் சம்பளமும் வாடகைக்கே போய்விடும். வேலை கிடைத்தும் முப்பது வயது வரை பெற்றோர் வீட்டை விட்டு வெளியேற முடியாத இளைஞர்கள் அங்கே ஏராளம்.

2028-ல் என்ன நடக்கப் போகிறது?

2024 ஜூன் மாதம் கோல்போனி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நகரத்தில் உரிமம் பெற்ற சுற்றுலா பிளாட்டுகள் 10,101. 2028 நவம்பருக்குள் இவை அத்தனையின் உரிமமும் முடிவுக்கு வரும். ஒன்றுகூடப் புதுப்பிக்கப்படாது. அந்த வீடுகள் மீண்டும் குடியிருப்புகளாக மாற வேண்டும் என்பதே திட்டம்.

மேயர் நினைத்தால் மட்டும் இது நடந்துவிடாது. பார்சிலோனா அடங்கிய கேட்டலோனியா மாகாணத்தின் அரசு 2023-ல் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டுப் பற்றாக்குறை உள்ள ஊர்களில் சுற்றுலா பிளாட் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும், அதன்பின் புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த ஊர் நிர்வாகம் முடிவு செய்யும் என்றது அந்தச் சட்டம். இதை எதிர்த்து வழக்கு போனது. 2025 மார்ச்சில் ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது.

மத்திய அரசும் சும்மா இல்லை. 2025 மே மாதம் ஸ்பெயினின் நுகர்வோர் உரிமை அமைச்சகம், விதிகளை மீறிய 65,000-க்கும் மேற்பட்ட விளம்பரங்களை நீக்கும்படி ஏர்பிஎன்பி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. உரிம எண் இல்லாதது, எண் தவறாக இருப்பது போன்றவைதான் முக்கியக் குறைகள். 2025 ஜூலை 1 முதல், குறுகிய கால வாடகைக்கு ஆன்லைனில் விளம்பரம் செய்யும் வீடுகளுக்குத் தேசிய அளவிலான பதிவு எண்ணும் கட்டாயமாகிவிட்டது.

எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது?

பிளாட் உரிமையாளர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். ‘நகரத்தின் மொத்த வீடுகளில் நாங்கள் ஒரு சதவீதம் சொச்சம்தான். 2014-லிருந்து புது உரிமமே கிடையாது. அப்படியிருந்தும் வாடகை ஏறிக்கொண்டே போனதே, அதற்கு நாங்களா காரணம்?’ என்று கேட்கிறார்கள். போதுமான அளவு புது வீடுகள் கட்டப்படாததே உண்மையான பிரச்சினை என்பது அவர்கள் வாதம். உரிமம் உள்ள பிளாட்டுகளை மூடினால் கள்ளச் சந்தை பெருகும் என்றும் எச்சரிக்கிறார்கள்.

இதில் உண்மையும் இருக்கிறது. பார்சிலோனாவின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ 14 சதவீதம் சுற்றுலாவை நம்பியிருக்கிறது. ஹோட்டல் ஊழியர், டாக்ஸி டிரைவர், வெயிட்டர் எனப் பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. ஆனால், அந்த வெயிட்டரே நகரத்துக்குள் வீடு எடுக்க முடியாமல் வெளியூரிலிருந்து ரயிலில் வந்துபோக வேண்டிய நிலை என்றால், அந்தச் சுற்றுலாவால் யாருக்கு லாபம் என்பதுதான் போராடுபவர்களின் கேள்வி.

அப்போ, இப்போ பிளாட் புக் செய்யலாமா கூடாதா?

செய்யலாம். உரிமம் உள்ள பிளாட்டில் தங்குவது முழுக்க சட்டப்படியானது. குடும்பமாகவோ நான்கைந்து நண்பர்களாகவோ போனால், கிச்சனோடு கூடிய பிளாட் வசதியும்கூட. ஆனால், ‘பே’ பட்டனைத் தொடும் முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

உரிம எண்: பார்சிலோனாவின் சட்டப்படியான சுற்றுலா பிளாட் ஒவ்வொன்றுக்கும் எச்.யூ.டி.பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் எண் இருக்கும். விளம்பரத்திலேயே அதைப் போட்டிருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை நகராட்சியின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். எண்ணும் முகவரியும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். ‘வாட்ஸ்அப்பில் வாங்க, எண் அனுப்பறேன், ஆப்புக்கு வெளியே பணம் போடுங்க’ என்று யாராவது சொன்னால், அப்படியே ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போய்விடுங்கள்.

தனி அறை: ‘ஓனர் வீட்டில் ஒரு ரூம் மட்டும்’ என்ற விளம்பரங்கள் மலிவாகத் தெரியும். ஆனால், 31 நாட்களுக்குக் குறைவாகத் தனி அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதை பார்சிலோனா நகராட்சி 2021-லேயே தடை செய்துவிட்டது. ஒரு வார டூருக்கு இந்த வகை அறை கிடைத்தால் அது சட்டவிரோதம்.

விசா: இந்தியப் பயணிகளுக்கு இது கூடுதல் முக்கியம். ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதற்குச் சான்று தர வேண்டும். விமான நிலையத்தில் குடியுரிமை அதிகாரியும் அதைக் கேட்கலாம். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, அதாவது 9,000 ரூபாய் அளவுக்கு. குறைந்தது 30,000 யூரோ காப்பீடும் வேண்டும். இவ்வளவும் கட்டியபின் உரிமமில்லாத பிளாட் கடைசி நேரத்தில் கேன்சல் ஆனால் தலைவலி உங்களுக்குத்தான். அபராதம் பெரும்பாலும் ஓனருக்கு என்றாலும், நடு இரவில் பெட்டியோடு தெருவில் நிற்பவர் நீங்கள்.

சுற்றுலா வரி: வாடகைக்கு மேல் ஒரு வரி உண்டு. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கு; அதிகபட்சம் ஏழு இரவுகள். 16 வயது வரை உள்ளவர்களுக்குக் கிடையாது. 2024 அக்டோபரில் இது பிளாட்டுகளுக்கு இரவுக்கு 6.25 யூரோவாக உயர்ந்தது. அதன்படி இருவர் ஐந்து இரவு தங்கினால் 62.50 யூரோ. இந்த வரியை அடிக்கடி ஏற்றிவருகிறார்கள் என்பதால், புக் செய்யும் நாளில் நடப்பு விகிதத்தைப் பார்த்துவிடுங்கள். விலையில் வரி சேர்ந்திருக்கிறதா, போன பின் தனியாகக் கட்ட வேண்டுமா என்றும் கேளுங்கள்.

பாஸ்போர்ட் விவரம்: ஓனர் பாஸ்போர்ட் எண், முகவரி எல்லாம் கேட்டால் பயப்பட வேண்டாம். தங்குபவர்களின் விவரத்தைப் பதிவு செய்து அரசுக்கு அனுப்புவது ஸ்பெயினில் சட்டம். கேட்காத ஓனர்தான் சந்தேகத்துக்குரியவர்.

மாடிக் கணக்கு: இது பலருக்குத் தெரியாத விஷயம். பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேலே ‘என்ட்ரஸோல்’, அதற்கு மேலே ‘பிரின்சிபால்’ என இரண்டு தளங்கள் இருக்கலாம். அதற்குப் பிறகுதான் ‘முதல் மாடி’யே ஆரம்பம். விளம்பரத்தில் ‘மூன்றாவது மாடி’ என்றிருந்தால், நம்ம கணக்கில் அது ஐந்தாவது மாடியாக இருக்கக்கூடும். எல்லாப் பழைய கட்டடங்களிலும் லிஃப்ட் இருக்காது. அம்மா அப்பாவோடு போகிறவர்கள் லிஃப்ட் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த ஏரியாவில் தங்கலாம்?

லா ராம்ப்லா தெருவும் அதை ஒட்டிய பழைய கோதிக் பகுதியும் பார்க்க அழகு. ஆனால், இரவு முழுக்கச் சத்தம், கூட்டம், பிக்பாக்கெட். சுற்றுலா நெருக்கடியை அதிகம் அனுபவிப்பதும் இந்தப் பகுதிதான். சதுரம் சதுரமாகத் திட்டமிட்டுக் கட்டிய ஐஷாம்ப்ளா பகுதியில் அகலமான தெருக்கள், அருகிலேயே மெட்ரோ. பெரிய ரயில் நிலையம் உள்ள சான்ட்ஸ், கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் போப்ளநோவ் பகுதிகளிலிருந்தும் மெட்ரோவில் மையத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம்.

எங்கே தங்கினாலும் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் காலையில் வேலைக்குப் போகிற ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இரவு 10 மணிக்கு மேல் படிக்கட்டில் பெட்டியைத் தடதடவென இழுப்பது, பால்கனி பார்ட்டி, ஸ்பீக்கர் எல்லாம் வேண்டாம். இங்கே நம்ம அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிற சண்டைதான், அங்கே போலீஸ் வரை போகும்.

பார்க்க என்னென்ன?

சுவாரஸ்யம் என்னவென்றால், பார்சிலோனாவில் நாம் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற அதிசயங்களில் பல, வீடுகள்தான். கட்டடக் கலைஞர் ஆன்டோனி கௌடி கட்டிய காசா பட்லோ, காசா மிலா இரண்டிலும் உள்ள ‘காசா’ என்ற சொல்லுக்கே வீடு என்றுதான் அர்த்தம். 1906-க்கும் 1912-க்கும் இடையே கட்டப்பட்ட காசா மிலாவில் ஒரு தளத்தில் உரிமையாளர் குடியிருக்க, மற்ற தளங்கள் வாடகைக்கு விடப்பட்டன. அலை அலையாய் வளையும் அந்தக் கல் முகப்பைப் பார்த்து அன்றைய ஊர்மக்கள் ‘லா பெட்ரேரா’, அதாவது கல் குவாரி என்று கிண்டலடித்தார்கள். இன்று அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

பார்க் குவெல் கதை இன்னும் வினோதம். பணக்காரர்களுக்காக 60 மனைகள் கொண்ட ஒரு ‘லேஅவுட்’ போடும் திட்டமாகத்தான் 1900-ல் அது ஆரம்பித்தது. மனை விற்கவில்லை. இரண்டே வீடுகள்தான் எழுந்தன. அதில் ஒன்றில் கௌடியே பல ஆண்டுகள் வசித்தார். தோற்றுப்போன ரியல் எஸ்டேட் திட்டம் 1926-ல் பொதுப் பூங்காவானது. 2013 முதல் அதன் முக்கியப் பகுதிக்கு டிக்கெட் உண்டு. நேரத்துக்கு இத்தனை பேர் என்று வரம்பும் உண்டு. அங்கே போகும் 116-ம் எண் சிறு பஸ்ஸில் பயணிகள் நிரம்பி, அந்தப் பகுதியின் முதியவர்களுக்கு இடமே கிடைக்காமல் போனது. கடைசியில் நகராட்சி கேட்டுக்கொண்டதால் அந்த பஸ் கூகுள் மேப்ஸிலிருந்தே எடுக்கப்பட்டது. பூங்காவுக்கு மெட்ரோவில் போய், கொஞ்சம் மேடேறி நடந்துவிடுங்கள். அந்த பஸ்ஸை ஊர்க்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

சக்ரடா ஃபமிலியா தேவாலயத்தைத் தவறவிடவே கூடாது. 1882-ல் தொடங்கிய கட்டுமானம் இன்னும் நடக்கிறது. 1883-ல் பொறுப்பேற்ற கௌடி, 1926-ல் டிராம் மோதி இறக்கும் வரை அதிலேயே மூழ்கிக் கிடந்தார். அதன் மைய கோபுரத்தின் திட்டமிட்ட உயரம் 172.5 மீட்டர். 2025 அக்டோபரில், ஜெர்மனியின் உல்ம் தேவாலயத்தை முந்தி உலகின் மிக உயரமான தேவாலயம் ஆனது. கட்டுமானச் செலவின் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்களின் டிக்கெட் பணத்தில்தான் நடக்கிறது. காலையில் போனால் கிழக்குப் பக்கக் கண்ணாடி வழியாக நீலமும் பச்சையும், மாலையில் மேற்கிலிருந்து ஆரஞ்சும் சிவப்பும் உள்ளே கொட்டும். டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். நேரில் போய் கியூவில் நின்று வாங்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

பட்ஜெட் இடிக்கிறதா? கேட்டலோனிய தேசியக் கலை அருங்காட்சியகத்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு மேல் இலவசம். பிகாசோ அருங்காட்சியகத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். ஆனால் முன்பதிவு வேண்டும்.

இன்ஸ்டா ரீல்ஸில் அடிக்கடி வரும் ‘கார்மெல் பங்கர்’ குன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது விமான எதிர்ப்பு பீரங்கிகள் நின்ற இடம் அது. போருக்குப் பிறகு, வீடில்லாத ஏழைகள் அங்கே குடிசை போட்டார்கள். 1990 வாக்கில்தான் அந்தக் குடிசைகள் முழுதாக அகற்றப்பட்டன. பிறகு அங்கே இரவு பார்ட்டிக் கூட்டம் குவிய, அக்கம்பக்கத்தினர் புகார் செய்ய, 2023-ல் வேலி போட்டு மாலையானதும் மூடத் தொடங்கினார்கள். பகலில் போனால் மொத்த நகரமும் காலடியில் விரியும்.

சாப்பாடு எப்படி?

முதலில் கடிகாரத்தை மாற்றுங்கள். அங்கே மதிய உணவு 1.30 முதல் 3.30 வரை, இரவு உணவு 8.30-க்கு மேல்தான். மாலை 6 மணிக்கு டின்னர் தேடினால், கிடைப்பது பெரும்பாலும் டூரிஸ்ட்டுகளுக்கான கடைதான்.

பட்ஜெட் பயணிகளின் நண்பன், ‘மெனு டெல் தியா’. நம்ம மதியச் சாப்பாடு மாதிரிதான்: முதல் பதார்த்தம், முக்கியப் பதார்த்தம், பிரெட், ஒரு பானம், கடைசியில் இனிப்பு அல்லது காபி, எல்லாம் ஒரே விலையில். இடத்தைப் பொறுத்து 13 முதல் 20 யூரோ வரை ஆகலாம். 1960-களில் ஃபிராங்கோ ஆட்சி சுற்றுலாப் பயணிகளுக்காகக் கொண்டுவந்த மலிவு மெனுதான் இதன் மூலம். இன்று அதை நம்பிச் சாப்பிடுவது உள்ளூர் ஆபீஸ் ஊழியர்கள். வார நாட்களில் மதியம் அவர்கள் கூட்டம் எங்கே நிற்கிறதோ, அங்கே நீங்களும் நில்லுங்கள்.

சைவர்கள் கவனிக்க: ‘கறி இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால், ஹாம் துண்டோ டூனா மீனோ தட்டில் வந்து விழலாம். ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ’ என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்: கறி, ஹாம், மீன் மூன்றும் வேண்டாம். தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்ட பிரெட்டான ‘பா அம் டுமாகட்’, சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த ‘எஸ்கலிவாடா’, உலர்திராட்சையும் பைன் கொட்டையும் போட்ட கீரை ஆகியவை உள்ளூர் ஸ்பெஷல். எஸ்கலிவாடாவில் சில கடைகளில் நெத்திலி வைப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுபவர்களுக்கு உருளைக்கிழங்கு ‘தோர்டியா’ எங்கும் கிடைக்கும்.

வாசலில் போட்டோ ஒட்டிய பெரிய பலகை, ஆளைக் கூப்பிடும் ஊழியர், எல்லா நேரமும் பாயெயா. இந்த மூன்றும் சேர்ந்தால் தாண்டிப் போய்விடுங்கள். பாயெயா உண்மையில் வலென்சியா ஊரின் மதிய உணவு. ரெஸ்டாரன்ட்டுகள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2022 முதல் ஸ்பெயினில் சட்டம், கேட்டால்தான் கிடைக்கும். வெளி மேஜையில் உட்கார்ந்தால் விலை கொஞ்சம் கூடலாம். டிப்ஸ் கட்டாயமில்லை.

கிச்சன் உள்ள பிளாட் என்றால், ஊரில் ஏறத்தாழ 40 நகராட்சிச் சந்தைகள் இருக்கின்றன. எல்லோரும் போகும் போகெரியாவுக்குப் பதில் சன்ட் அன்டோனி, சான்டா கடரினா சந்தைகளுக்குப் போய்ப் பாருங்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் வேண்டுமா? ராவல் பகுதியில் பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் நடத்தும் கடைகளில் கிடைக்கும்.

போக வர?

பத்துப் பயணங்களுக்கான ‘டி-கேஷுவல்’ கார்டு மெட்ரோ, பஸ், உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஆனால் ஒருவருக்கு ஒரு கார்டு. குடும்பமாகப் பகிர்ந்துகொள்ள ‘டி-ஃபமிலியார்’ எடுங்கள். டி-கேஷுவல் விமான நிலைய மெட்ரோவில் செல்லாது. இரண்டாம் டெர்மினலிலிருந்து கிளம்பும் ரயிலில் செல்லும். போனை மேஜை மேல் வைக்காதீர்கள், பேக்கை முன்பக்கம் மாட்டுங்கள். கடைக்குள் நுழைந்ததும் கேட்டலான் மொழியில் ‘போன் தியா’ என்று வணக்கம் சொன்னால், எதிரே முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

சுருக்கமாக: புக் செய்யும் முன்

1. எச்.யூ.டி.பி எண் இருக்கிறதா? நகராட்சித் தளத்தில் சரிபார்த்தாச்சா?
2. முழு பிளாட்டா, தனி அறையா? ஒரு வாரத்துக்குத் தனி அறை என்றால் வேண்டாம்.
3. சுற்றுலா வரி சேர்த்த மொத்த விலை எவ்வளவு?
4. உண்மையில் எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா?
5. விசாவுக்குத் தரும் சான்றில் உங்கள் பெயரும் தேதிகளும் சரியாக இருக்கின்றனவா?

இதில் முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால், மற்ற நான்கையும் பார்க்கத் தேவையில்லை. விலை பாதியாகவே இருந்தாலும் சரி, அடுத்த லிஸ்டிங்குக்குப் போய்விடுங்கள். கணக்கில் வராத அந்த பிளாட், வாடகைக்கு வீடு தேடி அலையும் யாரோ ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வீடாக இருக்கலாம்.